காது கேளாத நான்கு விநாடி

1. சுற்றிய ரோபோக்கள்

பன்னிரண்டு ரோபோக்களும் நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தன. வாடிக்கையாளர் முன்னால் ஓட்டிக் காட்ட ஐந்தே நாள்தான் இருந்தது.

நான் ரோபோ படித்தவள் இல்லை. தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் மைக்ரோபயாலஜி லேபில் இருபத்தாறு வருடம் டெக்னீஷியன். சமூக அமீபா வளர்ப்பது என் பொறுப்பு. மண்ணில் தனித்தனியாகத் திரியும் ஒருசெல் உயிர் அது. இரை தீர்ந்ததும் ஒன்று ஒரு ரசாயனத்தைக் கசியவிடும். பக்கத்தில் இருப்பது அதை நோக்கி நகர்ந்து, தானும் கசியவிடும். தலைவன் இல்லாமலே ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடிவிடும்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனி வைத்திருக்கும் ரஃபீக் சார் இதைப் பார்த்துத்தான் தன் ரோபோக்களைச் செய்தார். டிபன் பாக்ஸ் அளவு. குடோனில் ரசாயன வாடை பிடித்த ரோபோ விளக்கை மின்னவைக்க வேண்டும். மற்றவை அதைப் பார்த்து, தாங்களும் மின்னியபடி அங்கே போய்ச் சேர வேண்டும். நான் ரிட்டையர் ஆனதும், அமீபா பற்றி விளக்கம் கேட்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். இரண்டு மாதம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

2. நான் சொன்னது

அன்று சாஃப்ட்வேர் பார்க்கும் பிரியா, சென்சாரில்தான் கோளாறு, எல்லாவற்றையும் மாற்றலாம் என்றார். ஐந்து நாளில் முடியாது என்றார் ரஃபீக் சார். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லேபில் பேராசிரியர்கள் பேசும்போது நான் வாய் திறந்ததில்லை. அன்றும் அதே பழக்கம்தான்.

ஆனால் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு ரோபோ முன்னால் மின்னியதைப் பார்த்து நகர்கிறது, தானும் மின்னுகிறது. அதைப் பார்த்துப் பின்னால் இருப்பது மின்னுகிறது. உடனே முதல் ரோபோ பின்பக்கம் திரும்பிவிடுகிறது.

"சார், அமீபா இப்படித் திரும்பாது," என்றேன். "தகவல் சொல்லி முடிச்சதும் கொஞ்ச நேரம் அதுக்குக் காது கேக்காது. அதனாலதான் நேரா போய்ச் சேருது."

பிரியா சந்தேகப்பட்டார். காதை அடைத்தால் நிஜமான தகவலும் தவறிப்போகுமே என்றார். நியாயமான கேள்விதான். பெட்ரி டிஷ்ஷில் நான் எடுத்து வைத்திருந்த டைம்லாப்ஸ் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். செல்கள் கொஞ்சம் நகரும், நிற்கும், அடுத்த அலைக்கு மறுபடி நகரும். ஓர் அலை போனாலும் அடுத்தது வரும். பிரியா அதை நான்கு முறை ஓட்டிப் பார்த்தார்.

மின்னி முடித்த ரோபோ எதையும் பார்க்காமல் இருக்கும் நேரத்தை முதலில் ஒரு விநாடி என்று வைத்தார். பலிக்கவில்லை. பக்கத்து ரோபோ திரும்பி மின்னவே அதற்கு மேல் ஆனது. இரண்டு, மூன்று என்று கூட்டினார். நான்கு விநாடியில் பன்னிரண்டும் வரிசை கட்டி நகர்ந்தன. நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

3. குடோனில்

வாடிக்கையாளர் பெயிண்ட் குடோன் ஒன்றின் சேஃப்டி ஆபீசர். சிரிக்காத மனிதர். டிரம்களுக்குப் பின்னால் தானே ஒரு தின்னர் டப்பாவைத் திறந்து வைத்தார். ரோபோக்கள் பாதி தூரம் போனதும் குனிந்து, முன்னால் போன இரண்டைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டார். மற்ற பத்தும் டப்பாவைச் சுற்றி நின்றன.

"இதுல லீடர் எது?"

"லீடரே கிடையாது சார்," என்றார் ரஃபீக் சார்.

ஆபீசர் கையில் இருந்த இரண்டையும் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "போன வருஷம் எங்க ஆள் ஒருத்தர் லீக் எங்கன்னு தேடி உள்ள போய் மயங்கி விழுந்தார். பிழைச்சதே பெரிசு. இனிமே மோப்பம் பிடிக்க ஆள அனுப்ப மாட்டேன். இத இங்கயே விட்டுட்டுப் போங்க."

ரஃபீக் சார் என்னை முன்னால் அழைத்து, இந்த யோசனை மேடத்துடையது என்றார். டிசைன் ஃபைலில் அந்த நான்கு விநாடிக்கு நேராக என் பெயரை பிரியாவே டைப் செய்தார். இருபத்தாறு வருடத்தில் எங்கள் லேபில் இருந்து அச்சான ஒரு கட்டுரையிலும் என் பெயர் வந்ததில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் துறை இல்லையே என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். கண்ணால் கண்டதைச் சொல்ல டிகிரி வேண்டாம். பொறுமையாகப் பார்த்திருந்தால் போதும்.