கவிஞர் ஏன் மொட்டை அடித்தார்

அந்தப் புத்தகத்தில் மூன்று புகைப்படங்கள் இருந்தன. முதலாவதில், நார்வேயின் வடக்கே ஒரு தீவில், மரச்சட்டங்களில் தலைகீழாகத் தொங்கும் மீன்களுக்கு முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் பையன். இரண்டாவதில், நெற்றியில் முடி விழுந்து கிடக்கும் இளம் பள்ளி ஆசிரியர். மூன்றாவதில் அதே மனிதர் ஐம்பதைத் தாண்டியிருந்தார். படகுத்துறையில் மழித்த தலையோடு நின்றார். அந்தப் படத்துக்குக் கீழே இருந்த வருடம், அவர் எழுதுவதை நிறுத்திய வருடம்.

அப்போது நான் எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் இருந்தேன். எங்கள் துறையில் வெளிநாட்டுக் கவிதைகளைத் தமிழாக்கி ஒரு சிறு நூல் கொண்டுவரும் வேலை நடந்தது. மதிப்பெண்ணுக்காகப் பள்ளியில் பிரெஞ்சு எடுத்துப் படித்தவள் நான். அதனால் பிரெஞ்சில் வந்திருந்த ஒரு நார்வேக் கவிஞரின் தொகுப்பு என் பங்குக்கு வந்தது. இருபது கவிதைகள், முன்னால் இரண்டு பக்கம் ‘வாழ்வும் எழுத்தும்’.

கவிதைகள் அவ்வளவாகப் படுத்தவில்லை. வாழ்வுதான் படுத்தியது. ஏழு வயதில் அப்பாவைக் கடல் கொண்டுபோகிறது. அம்மா மீன் சுத்தம் செய்யும் கொட்டகையில் வேலை செய்து படிக்கவைக்கிறார். பையன் ஆசிரியராகிறான், ஐந்து தொகுப்புகள் வருகின்றன, நாடே பேசுகிறது. ஐந்தாவதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. பள்ளி வேலையையும் விட்டுவிட்டு, தீவுகளுக்கு இடையே ஓடும் பயணப் படகில் டிக்கெட் கொடுக்கப் போய்விடுகிறார். ஏன் என்று புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

“ஏன் நிறுத்தினாருன்னு சொல்லலன்னா அது என்னம்மா வாழ்க்கைக் குறிப்பு?” என்றார் பேராசிரியர். நாங்கள் அவரை மேடம் என்போம்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் எனக்கு வராது. தேங்காய்த்திட்டில் எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். மின்சார வாரியக் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, பேங்கிலிருந்து வரும் குறுஞ்செய்தி எல்லாம் என் கைக்குத்தான் வரும். தெருவில் பாதிப் பேருக்கும் நான்தான். புரியாததைக்கூடப் புரிந்தமாதிரி சொல்லிவிடுவேன். ஒருமுறை யோசித்துச் சொல்கிறேன் என்றதற்கு, “அப்ப அவ்ளோ படிச்சு இன்னாத்துக்கு?” என்று ஒரு அக்கா கேட்டுவிட்டுப் போனாள். அதிலிருந்து யோசிப்பதையும் வெளியில் காட்டுவதில்லை.

அம்மா துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் விற்பவள். ஒரு மத்தியானம் வியாபாரம் முடித்து வந்தவள், நான் விரித்து வைத்திருந்த மூன்றாவது படத்தைக் குனிந்து பார்த்தாள்.

“நீ சொன்ன ஆளாடி இது? பாவம், அம்மா போயிட்டாங்களா?”

“எப்படிச் சொல்ற?”

“மொட்டை அடிச்சிருக்கானே. அப்பன் சின்னதுலயே பூட்டான்னு நீதான சொன்ன. அப்ப அம்மாதான்.”

இவ்வளவு நாள் கண்ணெதிரே இருந்திருக்கிறது! அம்மா சாகிறார், மகன் தலையை மழிக்கிறார், எழுத்தும் நின்றுபோகிறது. கடைசித் தொகுப்பில் ஒரு கவிதை உண்டு. விடிகாலைச் சமையலறை, ஆறிய கெட்டில், யாரும் உட்காராத நாற்காலி. எல்லாம் பொருந்தியது. அன்றைக்கே ஒரு பத்தி எழுதினேன். தாயின் மரணத்தோடு அவருடைய மொழியும் போயிற்று என்று முடித்தேன். அந்த நாற்காலிக் கவிதையையும் திருத்தி, ஒப்பாரியின் சாயல் வரும்படி செய்தேன். மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இதுதாம்மா எனக்கு வேணும்,” என்றார். மொட்டை எப்படித் துக்கமாகும் என்று அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவர் வீட்டிலும் அதே வழக்கம்தானே.

வெளியிட அனுமதி கேட்டு பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் வயதான அம்மையார், கவிஞரை நேரில் அறிந்தவர். என் பத்தியைப் பெருமையோடு பிரெஞ்சில் எழுதி அதோடு சேர்த்தேன். துறையில் வாசிப்பு நிகழ்ச்சி நடக்க இரண்டு நாள் இருக்கும்போது பதில் வந்தது. அனுமதி உண்டு. ஆனால் கவிஞரின் தாயார் அந்த மூன்றாவது படத்துக்கு அப்புறம் பதினோரு ஆண்டுகள் நன்றாக இருந்தார். மகன் வேலை பார்த்த படகிலேயே ஏறிக் கடைக்குப் போய்வருவார். கவிஞர் தலையை ஏன் மழித்தார், எழுதுவதை ஏன் நிறுத்தினார் என்று தானும் கேட்டதாகவும், இரண்டுக்கும் அவர் பதில் சொல்லவில்லை என்றும் அம்மையார் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: தலையை மழிப்பதற்கும் தாய் இறப்பதற்கும் என்ன சம்பந்தம்?

நாலைந்து முறை படித்தேன். பிரெஞ்சை நான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்றுகூட நம்பிப் பார்த்தேன். பிறகு நாற்காலிக் கவிதையை எடுத்தேன். கவிஞரின் அம்மா வேலைக்குத்தான் போயிருந்தாரா? நான் கண் விழிக்கும்போது என் அம்மா ஏலத்துக்குப் போயிருப்பாள், சோறு மூடியிருக்கும், வீடு சத்தமில்லாமல் இருக்கும். அந்த வீட்டில் வளர்ந்த நான் ஏன் அந்த நாற்காலியில் சாவைப் பார்த்தேன்? இல்லை, வேலைக்குத்தான் போயிருந்தார் என்று இப்போது எந்த தைரியத்தில் சொல்வது? அதுவும் விளங்கவில்லை.

மேடத்திடம் காட்டினேன். “பத்தியை எடுத்துடாத. ‘இருக்கலாம்’னு ஒரு வார்த்தை சேத்துடு, போதும்,” என்றார்.

நிகழ்ச்சியன்று அம்மா ஏலத்துக்குப் போகாமல் வந்திருந்தாள். நான் படிக்கும் இடத்துக்குள் அவள் வந்தது அதுதான் முதல்முறை. கல்யாணத்துக்குக் கட்டும் பச்சைப் புடவையில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா செத்த துக்கத்தில் ஊமையாகிப்போன வெள்ளைக்காரன் கதையை அதற்கு முன்பே மார்க்கெட் முழுக்கச் சொல்லியிருந்தாள்.

வாசித்துக்கொண்டே போனேன். அந்தப் பத்தி வந்தது. ‘இருக்கலாம்’ என்று முந்தின நாள் பேனாவால் சேர்த்திருந்தேன். அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. தாளை மடித்தேன்.

“இங்க அவரோட அம்மா இறந்துட்டாங்கன்னு எழுதியிருக்கேன். அது தப்பு. மொட்டையைப் பார்த்து நானா முடிவு பண்ணிட்டேன். அவங்க உயிரோடதான் இருந்தாங்க.”

மேடம் தரையைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான், “அப்ப ஏன் மொட்டை அடிச்சாரு?”

“தெரியல.”

“ஏன் எழுதறத நிறுத்துனாரு?”

“அதுவும் தெரியல.”

சிரிப்பு எழுந்தது. மீதிக் கவிதைகளை எப்படி வாசித்து முடித்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. ரெட்டியார்பாளையம் தாண்டிய பிறகு, “தெரியலன்னு சொல்லவா அவ்ளோ பேரு முன்னாடி ஏறுன?” என்றாள். அவளே மறுபடி, “வேண்டுதலா இருக்கும்டி. வேளாங்கண்ணில அடிக்கறாங்கல்ல, அவங்களும் கிறிஸ்தவங்கதான?”

“அங்க அந்த வழக்கம் கிடையாதும்மா.”

“உனக்குத் தெரியுமா?”

மடியில் இருந்த தாள்களைப் பைக்குள் தள்ளினேன்.

“நான் மார்க்கெட்ல அழுதுகிட்டே சொல்லிட்டு வந்துட்டேன். இப்ப அந்தம்மா நல்லா இருக்குதுன்னு போயி சொன்னா, என்னைத்தான் சிரிப்பாளுங்க,” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் கூடையை இறக்கியதும் கேட்டேன். “சொன்னியா?”

“சொன்னேன். நண்டு விக்கறவ நம்பவே இல்ல. மொட்டைன்னா யாரோ செத்துதான் இருக்கணும், உன் பொண்ணு சரியா படிக்கலன்னுட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“எம் பொண்ணுக்கே தெரியலன்னா எவளுக்குடி தெரியும்னு கேட்டேன்.”

இதற்குப் பெருமைப்படுவதா, அம்மாவைத் திருத்துவதா என்று நான் நின்றுகொண்டிருந்தேன். அம்மா அதற்குள் கால் கழுவப் போய்விட்டாள்.