அதிபர் திருப்பிப் பார்க்காத பக்கம்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் மதியம் ஈஸ்ட் ஹாம் மண்டபத்தில் இருந்தவர்கள்: அம்மா, அண்ணை, நான், டூட்டிங் உணவகக் குசினியில் அப்பாவோடு பதினொரு வருடம் சட்டி கழுவிய இரண்டு பேர், எங்கள் பகுதிச் சனம் நாற்பதுக்குக் கிட்ட, ஊர்ச்சங்கத் தலைவர், முன்வரிசை நடுக் கதிரையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாகாண சபை உறுப்பினர். இல்லாதவர்கள், ஊர்ச்சங்கத்தின் மற்ற எல்லாரும். இல்லாதவர்கள் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. பதினொரு மணிக்கு வந்தார்கள். அம்மாவின் கையைப் பிடித்தார்கள். ஆளுக்கொரு கல்வெட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டார்கள். பார்க்கிங் முடியப்போகிறது என்று சொல்லி, சாப்பாடு தொடங்க முன்னர் போய்விட்டார்கள். எங்கள் வீட்டு விசேஷம் எதுவென்றாலும் சாப்பாட்டு நேரத்தில் அவர்களுக்குப் பார்க்கிங் முடிந்துவிடும். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் பார்த்துவருகிற வழக்கம் அது.

உறுப்பினரோ இருந்து சாப்பிட்டார். பாயாசம் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். அவர் சாப்பிடுவதை அவரோடு வந்த ஒருவர் கைபேசியில் படம் எடுத்தார். எங்களோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டதற்கு அவருக்கு அத்தாட்சி தேவைப்பட்டது.

ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்கிறேன். ஊரில் அவர் அப்போது கல்வி அமைச்சர் பதவிக்கு ஓடித் திரிந்தார். மாகாண சபையில் ஒரு அமைச்சு வெறுமையாகியிருந்தது. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் என்பதால் அது தனக்கே உரியது என்று அவர் நம்பினார். முடிவெடுக்க வேண்டிய கட்சி மூத்தவர்கள் மூன்று பேருக்கு ஒரேயொரு தயக்கம் இருந்தது. அவர் அதிபராக இருந்த காலத்தில் எங்கள் பகுதிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் எடுக்கவில்லை என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெயரைக் கழுவத்தான் லண்டனுக்கு வந்திருந்தார். வந்த முதல் கிழமையே அப்பா இறந்தார். அவருக்கு அது நல்ல காலம்.

நான் அவரை அதற்கு முன் ஒருமுறைதான் கண்டிருக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் நான் நல்ல புள்ளி எடுத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் அந்தப் பரீட்சையில் பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். அப்பா பனை சீவுகிறவர். என்னைச் சைக்கிளில் ஏற்றி, பரீட்சை முடிவுக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஊரின் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனார். அலுவலக வாசலில் தோளிலிருந்த சால்வையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அதிபர் எழும்பவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. கடிதத்தைத் தொடாமலே வாசித்தார். அப்பா அதை மேசைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உன்ரை பொடியனுக்கு உங்கட பக்கத்திலையும் ஒரு பள்ளிக்கூடம் இருக்குத்தானே?"

"இருக்கு ஐயா. ஆனா அவன் இதுக்குத்தானே பாஸ் பண்ணினவன்."

"பாஸ் பண்ணினா எல்லாரையும் எடுக்கலாமோ? போ, போய் அங்கை சேர்."

வேறு யாரும் அதோடு திரும்பியிருப்பார்கள். அப்பா திரும்பவில்லை. "அப்ப அதை எழுதித் தாங்கோ ஐயா" என்றார். கேள்வி கேட்கிற தொனி இல்லை, எதிர்க்கிற தொனியும் இல்லை. கள்ளுத் தவறணையில் கணக்குத் துண்டு கேட்பதுபோலக் கேட்டார். அதிபர் சிரித்தார். எழுத வாசிக்கத் தெரியாதவன் எழுத்தைக் கேட்டு நிற்பது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். பள்ளிக்கூடத் தலைப்புத் தாளை எடுத்து நாலு வரி எழுதி, கையெழுத்து வைத்து, சீலும் குத்திக் கொடுத்தார். இவர்கள் வீட்டில் இதை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார். வாசிக்கப் போகிறவன் வாசலில் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

வழியில், சந்தி தாண்டியதும், அப்பா சைக்கிளை நிற்பாட்டி வாசிக்கச் சொன்னார். அதில் இருந்தது இதுதான்: "மேற்படி மாணவன் போதிய புள்ளிகள் பெற்றிருப்பினும், எமது பெற்றோர்களின் விருப்பத்தையும் இவரது தந்தையின் தொழிலையும் கருத்திற்கொண்டு, இவர் தமது பகுதிப் பாடசாலையிலேயே கற்பது பொருத்தமானது." பத்து வயதில் எனக்கு எல்லாச் சொல்லும் விளங்கியது. தந்தையின் தொழில் என்ற இடத்தை அப்பாவின் முகத்தைப் பார்த்து வாசிக்க என்னால் ஏலாமல் போனது. "இடமில்லையாம்" என்று மட்டும் சொன்னேன். அப்பா தாளை வாங்கி மடித்தார். "சீல் குத்தின கடதாசி. வைச்சிருப்பம்" என்றார்.

இடம்பெயர்ந்த நேரமெல்லாம் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே பொலித்தீன் பையில் அதுவும் வந்தது. அப்பா முதலில் தனியாக லண்டன் வந்து, அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டு, பிறகு எங்களைக் கூப்பிட்டார். அந்தப் பையை நான்தான் நெஞ்சில் அணைத்துக்கொண்டு வந்தேன். இங்கே படித்து, பட்டம் பெற்று, ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கப் போன முதல் நாள் இரவு, அப்பா அதைக் கேட்டார். "அண்டைக்கு நீ முழுக்க வாசிக்கேல்லை. எனக்குத் தெரியும். இண்டைக்கு வாசி." வாசித்தேன். இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். இரண்டாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "கவனமா வை" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால், நான் ஒருவேளை இதைச் செய்யாமல் விட்டிருப்பேன்.

அப்பா இறந்த மூன்றாம் நாள் உறுப்பினர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சங்கத் தலைவர் கூட்டிவந்தார். சோபாவில் இருந்ததும், "அக்கா, ஒரு தேத்தண்ணி தாங்கோ" என்று தானே கேட்டார். அம்மா அசையவில்லை.

"ஐயாவுக்கு எங்கட வீட்டுத் தண்ணி ஒத்துக்கொள்ளுமோ?"

தலைவர் இருமினார். உறுப்பினர் சத்தமாகச் சிரித்தார். "லண்டனிலை எல்லாம் ஒண்டுதானே அக்கா."

"ஓம், லண்டனிலை" என்று சொல்லி அம்மா எழும்பிப் போனார். தேநீர் வந்தது. அவர் கடைசிச் சொட்டுவரை குடித்து, கோப்பையை எல்லாருக்கும் தெரியும்படி கவிழ்த்துப் பார்த்தார்.

என் பக்கம் திரும்பினார். என்னை நீங்கள் என்றார். "தம்பி, நீங்கள் எங்கட மண்ணுக்குப் பெருமை. கல்வெட்டு அடிக்கிறியள்தானே? நான் ஒரு அனுதாபச் செய்தி எழுதித் தாறன். முன்னுக்குப் போடுங்கோ. ஊருக்குக் கொண்டுபோக எனக்கு ஒரு அம்பது புத்தகம் வேணும்." கல்வெட்டு என்பது இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள், பெரியவர்களின் அனுதாபச் செய்திகள், வம்சாவழி எல்லாம் சேர்த்து எங்கள் ஆட்கள் முப்பத்தோராம் நாள் கொடுக்கும் புத்தகம். அதை யாரும் கிழிப்பதில்லை, குப்பையில் போடுவதில்லை. கனடா, பாரிஸ், யாழ்ப்பாணம் என்று சொந்தம் இருக்கிற இடமெல்லாம் போகும்.

அவர் அனுப்பிய செய்தியில் நான் அவருடைய மாணவன். தந்தையாரின் ஏழ்மையைக் கண்டு மனமிரங்கி, என்னைக் கைப்பிடித்துத் தன் பள்ளிக்கூடத்துக்குள் அழைத்துப் போனவர் அவர். நான் அதை மூன்று தரம் வாசித்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. ஒரு எழுத்தும் மாற்றாமல் தட்டச்சு செய்து, அவருடைய பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பினேன். இரண்டு திருத்தம் சொன்னார். பெயருக்கு முன்னால் "கல்விமான்" வரவேண்டும். படம் இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும். இரண்டையும் செய்தேன்.

அந்தக் கடிதத்தை எங்கே வைப்பது என்பதை யோசிக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. எங்கள் சனம் கல்வெட்டைக் கையில் எடுத்தால் முதலில் தேவாரத்தைப் பார்ப்பதில்லை, செய்தியையும் பார்ப்பதில்லை. பின்பக்கத்தால் திறந்து வம்சாவழிக்குப் போவார்கள். இவர் ஆர், எந்தப் பகுதி, ஆருக்கு ஆர் சொந்தம், கலியாணம் எங்கே கலந்தது என்று விரலால் கோடு பிடித்துப் பார்ப்பார்கள். படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் அந்த நோய் உண்டு. எங்கள் வம்சாவழியைப் பார்க்கத் தேவையில்லாத ஆள் ஒருவர்தான். நாங்கள் ஆர் என்று தெரிந்துதான் அவர் எங்கள் வீடு தேடி வந்தார். எனவே கடிதத்தை வம்சாவழிக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் வைத்தேன். மேலே "அப்பா பாதுகாத்து வைத்திருந்தது" என்று மட்டும் போட்டேன்.

புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முதல் நாள் அண்ணை அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டார். "செத்தவரின்ரை புத்தகத்திலை பழி தீர்க்கிறியோ?" என்றார். அண்ணைக்கு ஊர்ச்சங்கத்தில் உதவிப் பொருளாளர் பதவி இருந்தது. எங்கள் பகுதியிலிருந்து அந்த நிர்வாகத்துக்குள் போன முதல் ஆள் அவர். அதை எடுக்க அவருக்கு ஒன்பது வருடம் போனது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பருப்பு ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். "கொப்பர் அதை ஏன் வைச்சிருந்தவர் எண்டு நினைக்கிறாய்?" என்று அண்ணையிடம் கேட்டார்.

முப்பத்தோராம் நாள் பதினொரு மணிக்கு வந்துபோனவர்கள் காருக்குள் வைத்தே வம்சாவழியைத் திறந்திருப்பார்கள். பின்னேரத்துக்குள் லண்டன் முழுக்கத் தெரிந்துவிட்டது. உறுப்பினருக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்வதானால் அந்த வரியை வாயால் சொல்ல வேண்டும். "எமது பெற்றோர்களின் விருப்பம்" என்று எழுதியிருந்த பெற்றோர்களில் பாதிப்பேர் இப்போது ஈஸ்ட் ஹாமிலும் மோர்டனிலும்தான் இருக்கிறார்கள். அவரோ பாயாசம் குடித்த கையோடு ஐம்பது புத்தகத்தையும் பெட்டியில் அடுக்கி விமான நிலையம் போனார். தூக்கி ஏற்ற நான் உதவினேன். "அமைச்சரானா முதல் வேலையா உங்கட பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டிடம் தம்பி" என்று என் தோளில் தட்டினார். அப்போதும் அது உங்கட பக்கம்தான்.

அவர் ஊருக்குப் போன ஐந்தாம் நாள் மச்சான் தொலைபேசி எடுத்தான். அம்மாவின் தமையன் மகன், யாழ்ப்பாணத்தில் அந்தக் கட்சி அலுவலகத்தில் சாரதி. "என்னடா மச்சான், மாமான்ரை கல்வெட்டு இஞ்சை மேசை மேசையா ஓடித் திரியுது" என்று தொடங்கினான். அமைச்சரைத் தெரிவுசெய்யும் கூட்டத்தில் உறுப்பினர் எழும்பி நின்று, தானே ஒவ்வொருவர் கையிலும் புத்தகத்தைக் கொடுத்தாராம். தன் செய்தியைத் தானே உரத்து வாசித்தாராம். மூத்தவர்களில் ஒருவர் வயதான சட்டத்தரணி. அவர் வாசிப்பைக் கேட்டுக்கொண்டே, பழக்க தோஷத்தில், பின்பக்கத்தால் திறந்திருக்கிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டாராம். "ஐயா, உது உங்கட கையெழுத்துத்தானே?" என்று கேட்டாராம். அறையில் எல்லாரும் பக்கம் திருப்புகிற சத்தம் மட்டும் வாசலில் நின்ற மச்சானுக்குக் கேட்டதாம். "பிறகு என்ன நடந்தது?" என்றேன். "பிறகென்ன, தேத்தண்ணி குடுத்தவை. அவர் குடிக்கேல்லை" என்றான். அமைச்சு வேறு ஒருவருக்குப் போனது.

அடுத்த கிழமை உறுப்பினரே தொலைபேசி எடுத்தார். குரல் தளர்ந்திருந்தது.

"தம்பி, இப்பிடிச் செய்யலாமோ? ஒரு வார்த்தை என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

"ஐயா எழுதித் தந்ததைத்தான் போட்டனான். ரண்டையும்."

பிறகு, "கொப்பர் நல்ல மனுசன்" என்றார். அப்பாவைப் பற்றி அவர் சொன்ன ஒரே உண்மை அது. நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத இடம் இருக்கிறது, ஆனால் அது பொய். அவர் இப்போது உறுப்பினரும் இல்லை. வீட்டோடு இருக்கிறாராம். அதை நினைத்துக்கொண்டு படுத்தால் எனக்கு இன்றைக்கும் நல்ல நித்திரை வருகிறது.

எங்களுக்குப் போனதையும் சொல்ல வேண்டும். அண்ணையின் பதவி அடுத்த பொதுக்கூட்டத்தில் போனது. எட்டு மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை. புத்தகம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. சீலின் ஊதா மை கறுப்பில் வெறும் அழுக்குப்போல விழும் என்று அச்சகக்காரர் சொன்னதால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் கலரில் அடிக்கச் சொன்னேன். அதற்கு அவர் மேலதிகமாக எடுத்தது பதினெட்டுப் பவுண்.