எட்டாக அறுத்த நாவல்

தையல் டீச்சருக்கு உயிரான நாவல் ஒன்று இருந்தது. கணவனிடம் அடிபட்டே பாதி ஆயுளைக் கழித்த ஒருத்தியின் கதை. சிநேகிதிகளைப் பிடித்து உட்கார வைத்துப் படித்துக் காட்டுவார். வகுப்பில் எட்டுப் பெண்கள். ஒருத்தி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்துக் கிடப்பதா? பிளேடை எடுத்துப் புத்தகத்தை எட்டுத் துண்டாக அறுத்துவிட்டார். எப்படி மனசு வந்தது என்று கேட்டால், "துணிய வெட்டாம சட்டை தைக்க முடியுமா?" என்பார். கையில் கிடைத்த துண்டைப் படித்துவிட்டு வாரா வாரம் மாற்றிக்கொள்வார்கள். ஒருத்திக்குக் கதாநாயகி பிள்ளை பெற்ற பிறகுதான் கல்யாணமே நடந்தது. வகுப்பில் ஒரே சிரிப்பு.

பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பதில் கெட்டிக்காரி என்பதால் 'காஜா' என்றே பெயர் வாங்கியவளுக்கு ஐந்தாம் துண்டு வந்தது. அதில்தான் கதாநாயகி, தூங்குகிற கணவன் தலையில் கல்லைத் தூக்கிப் போடுகிறாள். காஜாவின் கணவன் லாரி டிரைவர். அவனுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். தலையணைக்கு அடியில் அந்தத் துண்டு அவனிடம் அகப்பட்டது. அட்டையில்லை, தலைப்பில்லை, முன்னுமில்லை, பின்னுமில்லை. கதை என்றே அவனுக்குத் தோன்றவில்லை. தன்னைத் தீர்த்துக்கட்ட யாரோ அச்சடித்துக் கொடுத்த பாடம் என்று நினைத்தான்.

மறுநாள் வீல் ஸ்பேனரோடு வகுப்புக்குள் நுழைந்தான்.

"என்னக் கொல்லவாடி இங்க படிக்க வர்ற?"

காஜா எழுவதற்குள் அடி முழங்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் டீச்சருக்குக் கேட்டது. அடுத்த அடியில் தையல் மெஷின் கவிழ்ந்தது. குறுக்கே பாய்ந்த டீச்சருக்குத் தோளில் ஒன்று விழுந்தது. கண் இருட்டியது. கைக்கு எட்டியது சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டி. எடுத்து அவன் மணிக்கட்டில் வைத்து அழுத்தினார். தோல் பொசுங்கியது, ஸ்பேனர் கீழே விழுந்தது. பிறகு ஏழு பெண்களும் அவன்மேல் விழுந்தார்கள். ஸ்டூலால் அடித்ததில் பல் தெறித்தது. ஒருத்தி கத்தரிக்கோலை அவன் கழுத்துக்கு ஓங்கிவிட்டாள், டீச்சர்தான் பிடுங்கினார். அவருக்கும் குத்த வேண்டும் போலத்தான் இருந்தது. அந்த வெறி அவரையே பயமுறுத்தியது.

கையையும் காலையும் துணியால் கட்டிப் போட்டுவிட்டு போலீசுக்குச் சொல்லியனுப்பினார்கள். அவன் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே அழுதான்.

"கேஸ் குடுத்துடாத. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

காஜாவின் கண் கலங்கியது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். திரும்பவும் இவனோடு போய்விட்டால், அடுத்த முறை பிணமாகத்தான் வருவாள். ஆத்திரத்தில் அவனிடம் கத்தினார்.

"முழுசாப் படிச்சியாடா முட்டாள்? அவன் சாகலடா! அடுத்த துண்டுல அவ அவன மன்னிச்சு, மருந்து போட்டு, அவன்கூடவே வாழறா!"

அவன் சட்டென்று அழுகையை நிறுத்தினான். "பாத்தியா, உங்க டீச்சரே சொல்றாங்க!"

டீச்சருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நாவலில் அவருக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். படிக்கும்போதெல்லாம் அழுவார்.

காஜா உடைந்த கையை மடியில் தாங்கிக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"நல்லவேளை டீச்சர், அந்தத் துண்டு என் கைக்கு வரல," என்றாள். "போலீஸ் வரட்டும். நான் சொல்றேன்."

இத்தனை வருடமாக இதைப் போயா எல்லாருக்கும் படித்துக் காட்டினோம் என்று டீச்சருக்குக் குமட்டியது.