ஐஸ் பாக்ஸில் மிச்சமிருந்த இரண்டு ஜாடி

1. முதல் சவாரி

லாரியை விட்டுவிட்டு டூரிஸ்ட் வேன் எடுத்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் சவாரி பெங்களூரில் தொடங்கியது. ஆறு பேர். ஏற்காடு, கல்வராயன் மலை, கடைசியில் பாண்டிச்சேரியில் இறக்கிவிட வேண்டும். ஓசூர் தாண்டுவதற்குள் முன்சீட்டில் இருந்தவர் கேட்டார்.

"அண்ணா, இந்த ரூட்ல கிராஃப்ட் பியர் எங்க நல்லா இருக்கும்?"

எனக்குக் கிராஃப்ட் என்றால் பள்ளிக்கூடத்தில் தக்ளி வைத்து நூல் நூற்ற பீரியட்தான் தெரியும். "சார், வழியெல்லாம் கவர்மெண்டு கடைதான்" என்றேன். வண்டி முழுக்கச் சிரிப்பு. அவமானமாக இருந்தது. தொழிலில் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

நான் குடிப்பவன் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே மாதா கோயிலில் நேர்ந்துகொண்டது, இன்றுவரை தொட்டதில்லை. ஆனாலும் அந்த விஷயத்தைக் கற்றுக்கொண்டேன். பாண்டிச்சேரியில் அவர்களே பியர் போட்டு விற்கும் கடை ஒன்றின் பார்க்கிங்கில் மணிக்கணக்காகக் காத்துக் கிடப்பேன். உள்ளே பியர் போடுகிறவர் திண்டிவனம் பக்கத்து ஆள். வெளியே வந்து டீ குடிக்கும்போது மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுப்பார். ஒருநாள் உள்ளே அழைத்துப் போய் டேங்குகளைக் காட்டினார். எங்கள் ஊர்ப் பால் சொசைட்டி மாதிரி பளபளவென்று இருந்தது.

"அண்ணா, உங்க கஸ்டமருக்கு மூணே கேள்வி சொல்லிக் குடுங்க. டேங்கைக் கண்ணால காட்டுவாங்களா? எந்தத் தேதில போட்டதுன்னு சொல்வாங்களா? பைப்பை எப்ப கழுவினாங்க? இதுக்குப் பதில் சொல்லாத கடைல தண்ணி கூடக் குடிக்க வேணாம்."

அதைத்தான் பதினான்கு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கூடவே என் சரக்கும் கொஞ்சம் சேர்ந்தது. கசப்பு ஆகாதவர்களுக்குக் கோதுமை பியர். மலை ஏறுகிற அன்று எதுவுமே வேண்டாம், கொண்டை ஊசி வளைவில் என் வண்டிதான் நாறும். சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரை மோர் போதும். கச்சிராயபாளையத்தில் கரும்புச் சாறு கட்டாயம். மாநில எல்லை தாண்டிப் பாட்டில் கொண்டுவரக் கூடாது. கேட்டவர்கள் கேட்டார்கள், மற்றவர்கள் டவலில் சுற்றி ஒளித்தார்கள்.

இப்போது எங்கள் டிரைவர் சங்கத்துப் பிள்ளைகள் ஆண்டு மலருக்கு அந்த லிஸ்டைத்தான் எழுதிக் கேட்டார்கள். "கஸ்டமர் கேட்டா நாங்களும் சொல்லலாம்ல அண்ணா" என்றார்கள். மேலே எழுதியதுதான் லிஸ்ட். இதற்கு மேல் எழுதப் போவதையும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

2. மலையில் கேட்கிற கேள்வி

கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்தில் வந்து.

"அண்ணா, இங்க மலைல காய்ச்சறது கிடைக்கும்னு வீடியோல பாத்தோம். ஆர்கானிக்காமே?"

"கேக்கறேன் சார். டேங்கு எங்க இருக்குது? புதருக்குள்ள பிளாஸ்டிக் பேரல். தேதி சொல்வாங்களா? போலீஸ் வர்ற தேதி மட்டும் தெரியும். பைப்பு கழுவறாங்களா? பைப்பே கெடையாது."

சிரித்துவிட்டு அருவியைப் பார்க்கப் போய்விடுவார்கள். என் வண்டியில் வந்த ஒருவரையும் நான் அந்தப் பக்கம் விட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஸ்டாண்டில் உட்கார்ந்து இதை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் வண்டி கழுவிக்கொண்டே ஏழுமலையும் கேட்டிருக்கிறான்.

3. ஏழுமலை

ஏழுமலை எங்கள் ஊரிலேயே கருணாபுரத்துக்காரன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். எங்கள் ஸ்டாண்டு வண்டிகளைக் கழுவுவது அவன்தான். ரப்பர் மேட்டைத் தூக்கி, சீட்டுக்கு அடியில் கை விட்டு, கடலைத் தோல் வரை எடுத்துவிடுவான். வாந்தி எடுத்த வண்டி வந்தாலும் முகம் சுளிக்க மாட்டான். "இன்னாண்ணா இது, பெங்களூரு சோறா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீரைத் திறப்பான்.

எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. சவாரி இறங்கிய பிறகு வண்டியில் கிடக்கும் போனும் பர்சும் கஸ்டமருக்குத் திரும்பிப் போகும். பிஸ்கட், பழம், தண்ணீர் பாட்டில், குடித்துவிட்டு வைத்த மிச்சம், இதெல்லாம் கழுவுகிறவனுக்கு. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் எந்த டிரைவரும் அதை மீறியதில்லை. அதனால் ஏழுமலை குடிக்காத பியர் கிடையாது. "இது கோதும, இது காப்பிக்கொட்ட வாசன" என்று மோந்தே சொல்வான். குடித்துவிட்டு எனக்குச் சொல்வான், அதை நான் கஸ்டமருக்குச் சொல்வேன். உண்மையைச் சொன்னால் என் லிஸ்டில் பாதி ஏழுமலையின் நாக்கு.

வண்டியில் மிச்சம் இல்லாத நாட்களில் அவன் என்ன செய்தான் என்று நான் கேட்டதில்லை. தெரியும். அவன் தெருவில் பாக்கெட் சாராயம் கிடைத்தது.

4. அந்த ஜூன் மாதம்

ஒரு நாள் காலையில் அவன் மனைவி அஞ்சலை கழுவுகிற ஷெட்டுக்கு வந்தாள். கரும்புக் கொல்லையில் களை எடுக்கப் போகிற வழி. கையில் களைக்கொத்து. நான் பாண்டிச்சேரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், முந்தைய நாள் மலையில் தங்கிய சவாரியை இறக்கிவிட.

"அண்ணா, நாளைக்கி பவித்ராவ நர்சிங் காலேஜில சேக்கணும். அப்பா வந்து கையெழுத்துப் போடணும்னு சொல்லிக்கினு இருக்காங்க. இவுரு இன்னிக்கி ஆரம்பிச்சா நாளைக்கி மத்தியானம் வரைக்கும் எழுந்துக்க மாட்டாரு. இன்னிக்கி ஒரு நாள் அவுருக்கு ஒன்னும் குடுக்காதீங்கண்ணா. வண்டில எது இருந்தாலும் கீழ ஊத்திடுங்க."

"சரிம்மா. நாளைக்கி நானே வண்டில கூட்டிக்கினு போறேன். எட்டு மணிக்கு ரெடியா இருங்க" என்றேன்.

சவாரியை இறக்கிவிட்டு மூன்று மணிக்குத் திரும்பி வந்தேன். ஷெட்டில் நிறுத்தி வண்டியில் இருந்த ஐஸ் பாக்ஸைத் திறந்தால், உருகிய தண்ணீருக்கு அடியில் இரண்டு கண்ணாடி ஜாடி. பெங்களூரில் டேங்கிலிருந்து நேராகப் பியர் பிடித்துக் கொடுப்பார்களே, அது. மூடி திறக்கவே இல்லை. செக்போஸ்ட்டில் மாட்டாமல் வந்ததே பெரிய விஷயம். ஏழுமலை வருவதற்குள் ஊற்றிவிடலாம் என்று வாய்க்கால் பக்கம் உட்கார்ந்தேன். இரண்டாவது ஜாடி பாதி ஊற்றும்போது அவன் பின்னால் நின்றான்.

"இன்னாண்ணா பண்றீங்க?"

"கெட்டுப்போச்சுடா. இது ஃபிரெஷ் பியரு. நாலு நாள் ஆச்சு. குடிச்சா வயிறு போயிடும்."

பொய். நான்கு நாளும் ஐஸில் இருந்த பியர். ஊற்றும்போது நுரை பொங்கி வந்தது, இப்போதுதான் சுட்ட ரொட்டி மாதிரி வாசனை. கெட்டுப்போனால் நுரை வராது, புளிப்பு நாற்றம் அடிக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அதைவிட நன்றாக ஏழுமலைக்குத் தெரியும்.

அவன் போய்த் தண்ணீரைத் திறந்தான். வண்டியைக் கழுவினான். வழக்கத்தைவிட நன்றாகவே கழுவினான், நாளைக்கு மகள் ஏறப் போகிற வண்டி அல்லவா. "வரேன்ணா" என்று சொல்லிவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பினான். இன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்துக்கொண்டு நானும் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கருணாபுரத்தில் வண்டியைத் திருப்ப இடமில்லை. தெரு முழுக்க ஜனம், ஆட்டோ, அழுகை. ஏழுமலை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மகள் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணைக் கசக்கினான்.

"அண்ணா, வண்டி வந்துடுச்சா? சத்தம் கேக்குது. ஒரே பொகையா இருக்குதுண்ணா, ஒன்னும் தெரியல."

அவனை ஏற்றினேன். கூடவே யார் யாரோ ஏறினார்கள், ஏற்றினார்கள். பன்னிரண்டு சீட்டு வண்டியில் அன்றைக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. பவித்ரா சர்டிபிகேட் பையை மடியில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரி வரை வந்தாள். ஏழுமலை அன்று சாயங்காலமே போய்விட்டான்.

முந்தைய ராத்திரி அந்தப் பாக்கெட்டைக் குடித்தது அவன் ஒருவன் மட்டும் இல்லை. அந்தத் தெருவில் அடுத்தடுத்து எத்தனை வீட்டில் பந்தல் போட்டார்கள் என்று இந்த ஊரில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

5. காலேஜ் வாசல்

கருமாதி அன்று அஞ்சலை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அன்னிக்கி வண்டில எதுனா இருந்துதா?"

"ஒன்னும் இல்லம்மா. காலிப் பெட்டி."

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொல்லித்தான் ஊற்றினேன் என்று தெரிந்தால் அந்தப் பெண்ணால் தாங்க முடியாது, என்னோடு போகட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் என் பயமும் கொஞ்சம் கலந்திருந்தது. அந்த வருஷம் பவித்ரா காலேஜில் சேரவில்லை. நானும் அதற்குப் பிறகு சவாரியைக் குறைத்துக்கொண்டேன். பியர் கேட்டவர்களுக்கு "தெரியாது சார்" என்றேன். முதல் சவாரியில் நின்ற மாதிரியேதான் நின்றேன், ஆனால் இந்தத் தடவை வெட்கப்படவில்லை.

அடுத்த வருஷம் பவித்ராவுக்கு மறுபடி இடம் கிடைத்தது. நான்தான் வண்டி ஓட்டினேன், அதுதான் என் கடைசி சவாரி. அவள் பீஸ் கட்ட ஆபீசுக்குள் போனாள். அஞ்சலையும் நானும் வண்டியில் உட்கார்ந்திருந்தோம். ஏழுமலை கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் இவள் கைநாட்டு வைத்துவிட்டு வந்திருந்தாள். விரலில் மை காயவில்லை. அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"அஞ்சலை, அன்னிக்கிப் பெட்டி காலியா இல்லம்மா."

"தெரியும்ணா."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அவுரு வூட்டுக்கு வந்து சொல்லிட்டுத்தான் போனாரு. 'ரெண்டு ஜாடிடி, நொர பொங்கிக்கினு வருது, அண்ணன் வாய்க்கால்ல ஊத்தறாரு. கெட்டுப்போச்சுன்னு என்கிட்டயே கத வுடறாரு'ன்னு சிரிச்சாரு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். அண்ணன் சொன்ன வார்த்தய காப்பாத்திட்டாருன்னு. இதோ வரேன்னு சொல்லிட்டு வெளிய போனாரு. எங்க போறாருன்னு தெரிஞ்சிதான் இருந்துது. ஒரு பாக்கெட்டோட நிறுத்திட்டு வந்துடுவாருன்னு வுட்டுட்டேன்."

"அப்புறம் ஏம்மா கருமாதி அன்னிக்கி என்னைக் கேட்ட?"

"நீங்க இருந்துதுன்னு சொல்லியிருந்தா, நாந்தான ஊத்தச் சொன்னேன்னு நானும் சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் ஒக்காந்து அழுதிருக்கலாம். நீங்க இல்லன்னுட்டீங்க. சரி, அண்ணனுக்கு அது வேணாம் போலன்னு இருந்துட்டேன்."

ஒரு வருஷம் ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருந்ததை அந்த காலேஜ் வாசலில் அழுது தீர்த்தோம். பவித்ரா பீஸ் ரசீதோடு வந்து கண்ணாடியைத் தட்டுகிறவரை அழுதோம்.

தம்பிகளே, லிஸ்டு கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். கஸ்டமரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அது நம் தொழில். ஆனால் வழியில் போகிற முன்பின் தெரியாத ஆளுக்கெல்லாம் நான் மூன்று கேள்வி சொல்லிக் கொடுத்தேன். பதினான்கு வருஷம் என் வண்டியைக் கழுவியவனிடம், அந்த ஜாடியைக் கவிழ்ப்பதற்கு முன்னால், ஒரே ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

"ஏழுமல, இது இல்லன்னா நீ எங்கடா போவ?"