மேருவுக்குத் தெற்கே

போன ஞாயிறு பரணை ஒழித்தபோது பழைய பிளாஸ்க் ஒன்று கிடைத்தது. திறந்தேன். உள்ளே பெருங்காய வாசனை மட்டும் பாக்கி. பிளாஸ்கில் ரசம் கொண்டுபோகிறவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான், மிங்.

சீனாக்காரப் பிள்ளை. எங்கள் செம்பூர் வீட்டுப் பின்னறையில் பேயிங் கெஸ்ட். அவன் ஊர்க் கல்லூரியும் இங்கே ஓர் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து மழைமேகத்தைப் படித்துக்கொண்டிருந்தன. மேகத்தில் படிக்க என்ன இருக்கிறது? எட்டாவதோடு நின்றவன் கேட்கலாமா? என் மனைவி பாகீரதி கேட்டுவிட்டாள். அவளிடம் கற்ற தமிழிலேயே பதில் சொன்னான்.

"மேகம் ஒண்ணுதான் மாமி. பாதி இங்க, பாதி அங்க. ரெண்டும் சேர்ந்தாதான் கணக்கு வரும்."

அப்புறம் எல்லையில் தகராறு. லிஃப்டில் அக்கம்பக்கத்தார் கிண்டல்: "என்ன மாமா, உங்காத்து சைனா மால் இன்னும் ஓடறதா?"

மிங்கே சிரிப்பான். "வாரண்டி விசா வரைக்கும்தான்!"

அந்த விசாதான் முடியப்போகிறது. கணக்கோ பாதியில். எனக்குத் தெரிந்த ஒரே ஆபீஸ் பிள்ளையார்தான். கணபதி ஹோமம் வைத்தேன். மிங்குக்கு வேஷ்டி கட்டி மணையில் உட்காரவைத்தோம். கோத்திரத்துக்குச் சிவ கோத்திரம் என்று சமாளித்தாயிற்று. சங்கல்பத்தில் 'ஜம்பூத்வீபே' என்று பெரிய தீவில் தொடங்கி 'மேரோர் தக்ஷிணே பார்ச்வே' வந்ததும் சாஸ்திரிகள் நின்றுவிட்டார். மேரு மலைக்குத் தெற்கே இருக்கிறோம் என்று பகவானுக்கு விலாசம் சொல்லும் இடம் அது.

"ஓய், இவர் ஊர் மேருவுக்கு வடக்கேன்னா இருக்கு? விலாசம் தப்பிடுமே!"

"ஜம்பூத்வீபத்துல சைனா உண்டா?" என்றான் மிங்.

"பேஷா உண்டு."

"அப்போ விசாவே வேண்டாமே!"

பாகீரதிக்குப் பொறுக்கவில்லை. "நம்மாத்துல சாப்பிடறான், செம்பூர்ல தூங்கறான். தெற்குன்னே சொல்லுங்கோ. அக்னி அணையறது."

விசா நீளவில்லை. பிள்ளையாரைக் குறை சொல்லமாட்டேன், அவர் மேஜையில் எத்தனை பேர் மனுவோ. "வந்து எடுத்துக்கறேன் மாமி" என்று பிளாஸ்கை வைத்துவிட்டுப் போனான். பிறகு கூட்டு ஆராய்ச்சியையே மூடிவிட்டார்கள் என்று தகவல் வந்தது. நிலையத்து வாசல் டீக்கடையில் நாலு தேசத்துப் பிள்ளைகள் உடைந்த ஹிந்தியில் சண்டை போடுவார்கள். இப்போது அந்தச் சத்தமே இல்லை. பின்னறையில் பேங்க் பையன் இருக்கிறான். அவனுக்குச் சாப்பாடு போனில் வருகிறது.

ஹோமம் மட்டும் வருஷா வருஷம் உண்டு. மிங் பெயர் வரும்போது சாஸ்திரிகள் கேட்பார்: "இப்பவாவது வடக்குன்னு மாத்திடட்டுமா?"

"தெற்காவே இருக்கட்டும்" என்பாள் பாகீரதி.

ஞாயிறன்று அந்தப் பிளாஸ்கைக் கழுவ எடுத்துப் போனேன். பாகீரதி வெடுக்கென்று பிடுங்கி, மூடியை இறுக்கித் திருகிப் பரணிலேயே வைக்கச் சொல்லிவிட்டாள்.