கடலுக்கு அந்தப் பக்கம் லைன் கிடைக்குதா?

இணையம் ஒழுங்காக ஓடும்போது அதற்குப் பின்னால் ஆள் இருக்கிறார் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது; நின்றால் மட்டும் அந்த ஆளின் போன் நம்பர் உடனே கிடைத்துவிடும். அந்த ஆள் நான்தான். ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில், கிடங்குகளுக்கு நடுவே ஒரு சின்ன ஆபீஸ். பசிபிக் கடலில் சிதறிக் கிடக்கும் குட்டித் தீவுகளுக்கு சாட்டிலைட் டிஷ் வைத்து இணையம் கொடுப்பது எங்கள் வேலை. எட்டு வருஷமாக போனில் பதில் சொல்கிறேன். நீங்களும் ஹெட்செட் மாட்டி அடுத்தவர் கோபத்தைச் சாப்பிடுகிறவர் என்றால், விளக்கமே தேவையில்லை. வாடிக்கையாளர்கள் சொன்னதெல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் எழுதுகிறேனே தவிர, நானாக எதையும் சேர்க்கவில்லை.

பலாமரம்

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு தீவின் பள்ளிக்கூடத்தில் லைன் அடிக்கடி அறுந்தது. தலைமையாசிரியர் ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி ஒரே பதிலைச் சொன்னேன்: மோடம் பெட்டியை அணைத்து, ஒரு நிமிஷம் விட்டு, மறுபடி போடுங்கள். அவரும் பொறுமையாகச் செய்வார். கொஞ்ச நேரம் வரும், பிறகு போய்விடும். நான் கேபிளைச் சந்தேகப்பட்டேன், கரன்ட்டைச் சந்தேகப்பட்டேன், ஒரு நாள் அவரையே சந்தேகப்பட்டேன்.

கடைசியில் எங்கள் டெக்னீஷியன் சிறிய விமானத்தில் போய் இறங்கி ஒரு போட்டோ அனுப்பினார். டிஷ்ஷுக்கு நேர் எதிரே ஒரு ஈரப்பலா மரம் தழைத்து வளர்ந்து வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. பழைய புகார்களை எடுத்துப் பார்த்தேன். முதல் புகாரிலேயே, என் கையாலேயே, "மரம் இருக்கிறதாம்" என்று எழுதியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"பரவாயில்லம்மா. நீங்க சொன்ன மாதிரியே பதினோரு தடவை அணைச்சுப் போட்டேன். மரம் அசையவே இல்ல."

திங்கட்கிழமை

ஒரு தீவுக்குப் புது மென்பொருள் ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் லைன் இருக்காது. யாருக்கும் தொந்தரவு வேண்டாமே என்று ஞாயிறைத் தவிர்த்து, திங்கள் காலை ஒன்பது மணிக்கு வைத்தேன். ஏற்ற ஆரம்பித்துப் பத்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது: அந்தத் தீவு தேதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எனக்குத் திங்கள் என்றால் அவர்களுக்கு ஞாயிறு, அதுவும் சர்ச் நேரம். சின்னத் தீவு என்பதால் அங்கே பாஸ்டர் கிடையாது. பெரிய தீவிலிருந்து திரையில்தான் பிரசங்கம் செய்வார். பாதியில் நிறுத்தினால் பெட்டியே கெட்டுவிடும். கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சர்ச் செயலாளர் அம்மா கூப்பிட்டார். எல்லா மன்னிப்பையும் முன்கூட்டியே கொட்டினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"எங்க பாஸ்டர் ஒண்ணரை மணி நேரம் பேசுவார். நேத்து இருபது நிமிஷத்துல எல்லாரும் சாப்பிட வீட்டுக்குப் போயிட்டோம். மாசம் ஒரு தடவையாவது இப்படிச் செய்ய முடியுமான்னு கேக்கச் சொன்னாங்க."

மணிச் சத்தம்

இது சிரிக்கிற விஷயம் இல்லை. ஒரு ஞாயிறு மதியம் நான் டூட்டி. ஆக்லாந்திலேயே, பாபடோயிட்டோயில் என் வீட்டுச் சமையல் மேடையில்தான் லேப்டாப். ஒரு தீவின் கிளினிக்கிலிருந்து நர்ஸ் சாட்டிலைட் போனில் கூப்பிட்டார். பிரசவம். குழந்தை கால் பக்கமாக வருகிறது. தலைநகரில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பார்த்து வழி சொல்லிக்கொண்டிருக்கிறார், ஆனால் படம் நின்று நின்று வருகிறது. திரையில் பார்த்தேன். அங்கே கனமழை, சிக்னல் பாதிக்கும் கீழே. அந்தக் கொஞ்சத்தையும் ஊரில் அறுபது போன்கள் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. இங்கிருந்தே மற்றவர்களைத் துண்டிக்கலாம். ஆனால் எது நர்ஸுடையது என்று எனக்குத் தெரியாது; தவறினால் டாக்டரையே துண்டித்துவிடுவேன்.

"ஊர்ல எல்லாரையும் போனை அணைக்கச் சொல்ல முடியுமா?" என்றேன். "சர்ச் மணியை அடிச்சுச் சொல்லச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். நாலு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு திரையில் எண் இறங்க ஆரம்பித்தது. ஐம்பது, முப்பத்தெட்டு, பதினேழு, ஆறு. மழையில் யாரோ வீடு வீடாக ஓடியிருக்க வேண்டும். கடைசியில் இரண்டில் வந்து நின்றது. ஒன்று டாக்டர் பேசுவது. இன்னொன்று? அதுவும் வீடியோதான், நிறைய இழுத்தது. அது யாராக இருந்தாலும் சரி என்று முக்கால் மணி நேரம் வாய்விட்டே திட்டினேன்.

நர்ஸ் திரும்பக் கூப்பிட்டார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. "கடைசி வரைக்கும் ஒருத்தர் மட்டும் அணைக்கவே இல்லையே, யார் அது?" என்றேன்.

"அதை நான்தான் விடச் சொன்னேன். அம்மாவோட போன். அதுல புள்ளையோட அப்பா பாத்துக்கிட்டிருந்தார். உங்க நாட்டுல, ஹேஸ்டிங்ஸ்ல ஆப்பிள் பறிக்கிறார்."

பச்சை விளக்கு

ஒரு புயலுக்குப் பிறகு ஒரு தீவு மொத்தமும் தொடர்பில்லாமல் போய்விட்டது. என் திரையில் அதன் பெயருக்கு நேரே சிவப்பு. இரண்டாம் நாள் மதியம், பக்கத்து ரொட்டித் தொழிற்சாலையிலிருந்து அந்தத் தீவைச் சேர்ந்த மெலே என்ற பெண் தலைமுடியை மூடிய வலையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். எங்கள் பெயர்ப்பலகையில் இருக்கும் படம்தான் அவள் ஊர்ப் பள்ளிக் கூரையில் நிற்கும் டிஷ்ஷிலும் இருக்கிறதாம். அப்பா அங்கே தனியாக இருக்கிறார். "ஏதாவது தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். மறுநாளும் சாப்பாட்டு நேரத்தில் வந்தாள்.

எங்கள் சீனியர் சிவநேசன் அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர். போர்க் காலத்தில் வீட்டோடு பேச வழியில்லாமல் கொழும்பில் மாதக்கணக்கில் காத்திருந்தவர். அவர் மெலேயிடம் எதுவும் கேட்கவில்லை. நாற்காலி போட்டுத் தேநீர் கொடுப்பார், அவ்வளவுதான்.

நான்காம் நாள் பதினொரு மணிக்குச் சிவப்பு பச்சையானது. ரொட்டித் தொழிற்சாலைக்கு ஓட எழுந்தேன். அண்ணா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"பொறு தங்கச்சி. பச்சை எண்டால் மெஷின் உயிரோட இருக்கு, அவ்வளவுதான். ஆள் கதைக்கட்டும், பிறகு சொல்லுவம்."

உட்கார்ந்தேன். பன்னிரண்டரைக்கு மெலே வந்தாள். வழக்கமான நாற்காலி, வழக்கமான தேநீர். நாங்கள் இருவரும் அவள் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோப்பை பாதி காலியாகும்போது அவள் ஏப்ரன் பையில் போன் அடித்தது. எடுத்தாள். எங்களுக்கே கேட்கும்படி ஒரு ஆண்குரல் மூச்சுவிடாமல் கத்தியது. மெலேக்குக் கண்ணீர் வழிந்தது, அதோடு சிரித்தாள். அண்ணா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கூரை பாதி போய்விட்டது, ஆள் பத்திரம் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது, "என்ன சொல்றார்?" என்று மட்டும் கேட்டேன். அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாள்:

"மூணு நாளா நான் ஏன் போன் பண்ணலன்னு திட்டுறார்."

கடைசியாக

ஒரு முழு நாள் யாருமே எங்களை நினைக்காமல் கழிந்தால் அன்று ஆபீஸில் கேக் வெட்டுவது என்று எட்டு வருஷத்துக்கு முன் முடிவு செய்தோம். இதுவரை கத்தி வாங்க அவசியம் வரவில்லை.