அண்ணன் பேசிய டிவிடி

அண்ணன் லண்டனில் ஒரு ஓட்டலில் சமையல்காரனாக இருந்தான். மாரடைப்பில் போய்விட்டான். உடல் ஊர் வந்து, காரியமெல்லாம் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அவனோடு வேலை பார்த்த ஒருவர் விடுமுறையில் வந்தபோது அவனுடைய பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். துணிமணிகளுக்கு நடுவே ஒரு டிவிடி இருந்தது. லண்டன் ஓட்டல்களில் அடுப்படி வேலை செய்பவர்களைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் எடுத்து, கடையில் விற்கும் படம். அட்டையின் பின்பக்கத்தில், மற்றவர்களோடு சின்னதாக, அண்ணன் முகம்.

"இவரும் இதுல பேசறாருங்க. நாங்க எல்லாம் பாத்தோம்" என்றார் வந்தவர்.

அம்மா அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு கீழே வைக்கவே இல்லை.

எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். திருத்தணி மலைமேல் கோயில் மடப்பள்ளியில் சமைப்பவர். நாங்கள் அசைவம் தொடுவதில்லை. சைவ ஓட்டல் என்று அண்ணன் சத்தியம் செய்த பிறகுதான் அவனை அனுப்பினார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அவன் அனுப்பிய காசில், நல்ல கம்பெனியாகப் பார்த்து ஒரு டிவிடி பிளேயர் வாங்கியிருந்தோம். அதில்தான் முதலில் போட்டேன். உள்ளே கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு இந்த டிஸ்க்கை இந்தப் பகுதியில் பார்க்க முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. துடைத்துப் போட்டேன். மறுபடியும் அதே வரி.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த கம்ப்யூட்டர் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரீஜன மாத்தணும் மேடம். அஞ்சு தடவதான் மாத்த வுடும். இந்தக் கம்ப்யூட்டர்ல நான் ஏற்கெனவே மாத்தி மாத்தி முடிச்சிட்டேன். இனிமே இது லாக்கு."

அப்போது நான் அரக்கோணத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் டிவி ரிப்பேர் செய்யும் ஒரு பாய் இருந்தார். ஒரு சாயங்காலம் பிளேயரையும் டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டு அவரிடம் போனேன்.

"உலகத்தப் பாகம் பிரிச்சி நம்பர் போட்டு வெச்சிக்கினு இருக்கான் தங்கச்சி. நம்மளுது அஞ்சு. இது ரெண்டு. நம்பரு சரியா இருந்தாதான் உங்க பிளேயரு உள்ள வுடும்" என்றார். ரிமோட்டை வாங்கி என்னென்னவோ எண்களை அழுத்திப் பார்த்தார். சில மாடல்கள் அதற்குத் திறந்துகொள்ளுமாம். எங்களுடையது ஒத்துக்கொள்ளவில்லை.

"படத்துல யாரும்மா?" என்றார்.

"எங்க அண்ணன். எறந்துட்டாரு."

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். கடையின் உள்ளே போய், கம்பெனிப் பெயர்கூட இல்லாத ஒரு பிளேயரைத் தூசி தட்டி எடுத்து வந்தார். "இது எல்லா நம்பரையும் எடுக்கும். எடுத்துக்கினு போய் அம்மாவுக்குக் காட்டு. எப்ப வேணா திருப்பிக் குடு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உச்சிகால பூஜை முடிந்து நைனா மலையிலிருந்து இறங்கி வரும்வரை காத்திருந்தோம். அம்மா குளித்துத் தலை வாரிக்கொண்டு, யாரோ வீட்டுக்கு வரப்போவதுபோல உட்கார்ந்திருந்தாள்.

படம் ஓடியது. யார் யாரோ வந்தார்கள். பிறகு அண்ணன். கறுப்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்பிலிருந்து திரும்பி, வெட்கப்பட்டுச் சிரித்தான். "எங்களுக்குத் திருத்தணிங்க. எங்க நைனா மலைமேல..." என்று தொடங்கினான். அவ்வளவுதான். ஒரு வெள்ளைக்காரர் குரல் வந்து அவன் குரல்மேல் ஏறிக்கொண்டது. அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கேட்டதெல்லாம் இங்கிலீஷ்.

"யாருடி அது குறுக்கப் பேசறது? அவன நிறுத்தச் சொல்லு!" என்றாள் அம்மா.

ஆடியோ பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். அந்த டிஸ்க்கில் ஒரே ஒரு மொழிதான் இருந்தது. சத்தத்தைக் கூட்டினால் வெள்ளைக்காரர் குரல்தான் கூடியது. அதற்கு அடியில் அண்ணன் குரல், அடுத்த வீட்டில் பேசுவதுபோல, வார்த்தை பிடிபடாமல் கிடந்தது.

பேசிக்கொண்டே அவன் கை வேலை செய்தது. பலகையில் கோழி. எலும்போடு சேர்த்து வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். நைனா அதைப் பார்த்துவிட்டார். அம்மாவும் பார்த்தாள்.

"இன்னா சொல்றான்? சொல்லும்மா" என்றார் நைனா. நான் ஆடியோ பட்டனையே அழுத்திக்கொண்டிருந்தேன். "நீ இங்கிலீஷ் படிச்சவ. உள்ளத உள்ளபடி சொல்லு."

சொன்னேன். எங்க நைனா சாமிக்குச் சமைக்கிறவரு. நான் இங்க கேக்கறவங்க கேக்கறதச் சமைக்கிறேன். அவருகிட்ட இதச் சொல்லல. ஊருக்குப் போனா மடப்பள்ளிக்குள்ள கால வெக்க மாட்டேன், வாசல்ல நின்னு பாத்துட்டு வந்துடுவேன்.

அண்ணன் போய் வேறொருவர் திரையில் வந்துவிட்டார். நைனா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"அதனாலதான் வராமயே இருந்தானா? லீவு இல்ல, லீவு இல்லன்னு சொன்னானே..." என்றார். பிறகு, "ஊட்டுக்குள்ள வந்திருக்கலாமே. ஊட்டுக்கு இன்னா?" என்றார்.

அம்மா அழவில்லை. "எளச்சிருக்கான்" என்றாள். "சிரிச்சான் இல்ல, அந்த எடத்தத் திரும்பப் போடு."

பாயிடம் அந்தப் பிளேயரை விலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மா இருந்தவரை தினமும் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாள். வெள்ளைக்காரர் வாயைத் திறப்பதற்குள் நிறுத்தப் பழகிக்கொண்டேன். நைனா அதன்பிறகு அதைப் பார்க்க உட்காரவில்லை. மலைக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. ஒருமுறை என்னிடம் கேட்டார்: "அந்த வெள்ளக்காரன் இவன் சொன்னதத்தான் சொன்னானா? அவனா எதுனா சேத்திருப்பானா?"

தெரியலை நைனா என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

இப்போது இருவரும் இல்லை. அண்ணன் வரும் பகுதியை மட்டும் போனில் ஏற்றி வைத்திருக்கிறேன். சில நாட்கள் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு அண்ணனின் உதட்டை மட்டும் பார்ப்பேன். நடுவில் ஓரிடத்தில் 'அம்மா' என்கிறான். உதடு சேர்ந்து அழுந்திப் பிரிகிறது, நன்றாகவே தெரிகிறது. அந்த இங்கிலீஷில் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.